தண்ணீருக்குள் பல்பு ஏன் சீக்கிரம் போகிறது?

(அந்தமான் மீனவர்களுக்கான பேச்சு)



நம் அந்தமானில் சீக்கிரம் இருட்டிவிடும். மார்கழியில் மாலை 5 மணி சுமாருக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. அந்த நேரத்தில் டிங்கியின் விசிறியில் கயிறு சிக்கினால் என்ன செய்வது? தண்ணீருக்குள் விளக்கை இறக்கித்தான் பார்க்க வேண்டும்.

இந்த விளக்கைப் பலர் தாங்களே செய்கிறார்கள். ஊறுகாய் பாட்டிலுக்குள் 12 வோல்ட் பல்பு. மூடியில் துளை. அதன் வழியாக ஒயர். ஆனால் நாலே நாளில் பல்பு போய்விடுகிறது. "மட்டமான பல்பு" என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். புதிய பல்பு வாங்குகிறோம். அதுவும் போகிறது.

போன பல்பை எறியாதீர்கள். உற்றுப் பாருங்கள். காரணம் தெரியும்.

பல்பின் அடியில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா? உப்புத் தண்ணீர் புகுந்திருக்கிறது.

கண்ணாடி சீக்கிரமே கறுத்துவிட்டதா? வோல்ட் கூடியிருக்கலாம். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் சுமார் இருக்கலாம். 15-ஐத் தாண்டினால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கண்ணாடி தெளிவாக இருக்கிறது, உள்ளே கம்பி மட்டும் அறுந்திருக்கிறதா? படகின் அதிர்வு காரணமாக இருக்கலாம். பல்பு ஆடாதபடி பொருத்துங்கள்.

கண்ணாடி விரிந்திருக்கிறதா? சூடான பல்பில் தண்ணீர் பட்டிருக்கும். விளக்கைத் தண்ணீரில் இறக்கிய பிறகு சுவிட்சைப் போடுங்கள்.

"மூடியை இறுக்கித்தானே மூடினேன்? தண்ணீர் எப்படிப் புகும்?" என்று கேட்பீர்கள்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். வெந்நீர் ஊற்றி ஒரு எவர்சில்வர் டம்ளரைச் சூடாக்குங்கள். வெந்நீரைக் கொட்டிவிட்டு, துணியால் பிடித்து, தண்ணீர் உள்ள தட்டில் கவிழுங்கள். டம்ளர் ஆற ஆற, தண்ணீரை உள்ளே இழுக்கும். நம் பாட்டிலும் இப்படித்தான். பல்பு எரியும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். அணைத்ததும் காற்று சுருங்கும். ஊசித் துளை இருந்தாலும் போதும், கடல் நீரை உறிஞ்சிவிடும்.

ஆகவே, ஒயர் நுழையும் துளையை எம்-சீல் போன்ற பசையால் அடையுங்கள். நன்றாகக் காயவிடுங்கள். டேப் மட்டும் சுற்றினால் போதாது. தண்ணீருக்குள் போகும் ஒயரில் ஒட்டுப் போடாதீர்கள்.

பிறகு சோதியுங்கள். பாட்டிலுக்குள் உலர்ந்த காகிதத் துண்டு ஒன்றை வைத்து மூடுங்கள். வெதுவெதுப்பான நீர் உள்ள வாளியில் முக்குங்கள். குமிழி வந்தால் அங்கே ஓட்டை. நீர் ஆறும்வரை அப்படியே விட்டு எடுங்கள். காகிதம் நனையாமல் இருந்தால், அதை எடுத்துவிட்டுப் பல்பை வையுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். வீட்டுக் கரண்டு 230 வோல்ட். அதையோ ஜெனரேட்டர் கரண்டையோ இந்த விளக்குக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். உப்புத் தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். பல்பு போனால் வேறு வாங்கலாம். உயிர் போனால்? 12 வோல்ட் பேட்டரியே போதும். பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் போடுங்கள்.

இந்த விளக்கு படகைப் பார்க்கத்தான். மீனைக் கூட்ட அல்ல. கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் உள்ள நம் நாட்டுக் கடலில் விளக்கு வைத்து மீன் பிடிக்க மத்திய அரசு 2017 நவம்பரில் தடை விதித்தது. கரையோர விதிகளை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை பல்பு போனால், கடைக்குப் போகுமுன் பாட்டிலைப் பாருங்கள்.