எலிக்குச் சரியாயிடுச்சு, பாட்டிக்கு?

என் பாட்டிக்கு அல்சைமர். எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புல அடிக்கடி ஒரு செய்தி வரும்: "எலிகளுக்கு மறதி நோய் குணமானது." உடனே அம்மா போன் பண்ணி, "எப்போடா இங்க கிடைக்கும்?"னு கேப்பாங்க. இந்த எபிசோடு அம்மாவுக்கான பதில்.

சுண்டெலிக்கு அல்சைமர் தானா வராது. நோய் வந்த மனுஷ மூளையில அமிலாய்டுங்கிற புரதம் படிவு படிவா சேரும். சாதாரண சுண்டெலிக்கு எவ்வளவு வயசானாலும் அது சேராது. அதனால, பரம்பரை அல்சைமருக்குக் காரணமான ஒரு மனித மரபணுவை சுண்டெலிக்குள்ள சேர்த்தாங்க. 1995-ல படிவோட ஒரு எலி கிடைச்சுது. 1999-ல அந்த வகை எலிகளுக்குத் தடுப்பூசி போட்டாங்க, படிவு குறைஞ்சுது. அதையே மனுஷங்களுக்குப் போட்டப்போ, சுமார் 300 பேர்ல 18 பேருக்கு மூளை அழற்சி வந்தது. 2002-ல ஊசி போடுறதை நிறுத்திட்டாங்க.

இன்னொரு சிக்கலும் இருந்தது. உயிரோட இருக்கிறவர் மூளையில படிவை நேரடியா பார்க்க நல்ல வழி இல்லை. 2004-ல பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் வில்லியம் க்ளங்க், செஸ்டர் மாத்திஸ் இருவரும் ஸ்வீடன் குழுவோட சேர்ந்து ஒரு வழி காட்டினாங்க. அமிலாய்டுல போய் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க மூலக்கூறு. ஊசியில ஏத்தி பெட் ஸ்கேன் எடுத்தா, படிவு இருக்கிற இடம் பளிச்சுனு தெரியும்.

அடுத்த வருஷம் வந்த ஆய்வுதான் சுவாரஸ்யம். அதே மூலக்கூறை மரபணு மாற்றிய சுண்டெலிகளுக்குக் கொடுத்தாங்க. ஸ்கேன்ல ஒண்ணும் தெரியல! மூளை நிறைய படிவு இருக்கு. ஆனா அந்த மூலக்கூறு ஒட்டுற இடங்கள் எலியின் படிவுல ரொம்ப ரொம்பக் குறைவு. பேர் ஒண்ணுதான், பொருள் வேற.

அதுக்காக எலி வீண்னு சொல்லல. படிவை அகற்ற முடியும்ங்கிற நம்பிக்கையே அங்கிருந்துதான் வந்தது. 2023-ல அமெரிக்கா அனுமதிச்ச லெகானெமாப் அந்த வழியில வந்த மருந்துதான். ஆனா ஆரம்ப நிலை நோயாளிகள்கிட்ட, 18 மாசத்துல, நோய் முற்றும் வேகத்தை 27 சதவீதம் குறைச்சுது, அவ்வளவுதான். பாட்டி அந்த நிலையைத் தாண்டிட்டாங்க. அம்மாகிட்ட அதைச் சொல்றதுதான் கஷ்டமா இருந்தது.

அடுத்த தடவை அப்படி ஒரு செய்தி வந்தா, ஒண்ணு மட்டும் கேளுங்க: ஸ்கேன்ல படிவு குறைஞ்சுதா, இல்ல, அந்த மனுஷர் தன் பேத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரா?

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.