மனச்சிதைவும் நம் மாணவரின் வீடும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மனச்சிதைவு நோயைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் மருத்துவர் அல்ல. உங்களைப் போல பி.எட். முடித்த அரசுப் பள்ளி ஆசிரியர். ஆகவே நோயைவிட, நோயாளி இருக்கும் வீட்டைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். அந்த வீட்டிலிருந்தும் ஒரு பிள்ளை நம் வகுப்புக்கு வருகிறது.

ஏர்வாடியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2001 ஆகஸ்டு 6 அதிகாலை, தர்காவை ஒட்டியிருந்த மனநோயாளிகள் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். காப்பகம் நடத்தியவர்களை ஊரே திட்டியது, திட்ட வேண்டியதுதான். ஆனால் நோயாளிகளில் பலரை அங்கே கொண்டுபோய் விட்டது பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களும். அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கோடாங்கி, மந்திரித்த கயிறு, கோயில், தர்கா என்று அலைந்து, நகையை அடகு வைத்து, இரவுத் தூக்கம் போய், வேறு வழி தெரியாமல் நின்ற குடும்பங்கள் அவை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. சங்கிலியைச் சட்டம் அவிழ்த்துவிட்டது. வீட்டில் காவல் இருப்பது யார்?

எங்கள் பகுதியில் மல்லிகை விவசாயம் அதிகம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி தினமும் மூன்றாம் பாடவேளைக்குத்தான் வருவாள். மார்கழி, தை மாதங்களில் மட்டும் மணி அடிக்கும் முன்பே வந்துவிடுவாள். பனிக்காலத்தில் பூ குறைவு. மற்ற மாதங்களில் அம்மா விடியுமுன் பூப்பறிக்கப் போய்விடுவார். அவர் திரும்பும்வரை அண்ணனுக்குக் காவல் இவள்தான். அண்ணன் பிளஸ் டூ வரை நன்றாகப் படித்தவன். பிறகு அறைக்குள் அடைந்தான், காதில் யாரோ பேசுவதாகச் சொன்னான், தங்கை வைத்த சோற்றில் விஷம் என்றான். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அம்மாவைச் சந்தித்தபோது அவர் முதலில் சொன்னது இதுதான்: "வெளிய தெரிஞ்சா இவளை யாரு டீச்சர் கட்டுவா?" நோயைவிட இந்தப் பயம்தான் அந்த வீட்டை அதிகம் பூட்டி வைத்திருந்தது. சொந்தக்காரர்கள் வருவதில்லை, இவர்களும் விசேஷங்களுக்குப் போவதில்லை.

அந்தப் பெண்ணுக்கு வேறு ஒரு பயம். ஒருநாள் தனியாக வந்து, "எனக்கும் வருமா டீச்சர்?" என்றாள். மனநல மருத்துவரிடம் கேட்டுத்தான் பதில் சொன்னேன். கூடப்பிறந்தவர்களுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்; ஆனாலும் பெரும்பாலோருக்கு வருவதில்லை. அதுவரை இந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்டதில்லை.

சிகிச்சை என்றதும் பலர் சலித்துக்கொள்வது மாத்திரையைப் பற்றித்தான். கொஞ்சம் தெளிந்ததும் நோயாளி நிறுத்திவிடுவார், சில மாதங்களில் நோய் திரும்பும், குடும்பம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்கு இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. இது பல வீடுகளுக்குத் தெரியாது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் குறிப்பிட்ட நாள்களில் வட்ட அரசு மருத்துவமனைகளுக்கும் வருகிறார். எந்த நாள் என்று நாம் கேட்டுச் சொன்னாலே ஒரு தாய்க்கு ஒரு நாள் கூலி மிச்சம். எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992 முதல் மதுரையில் இந்தப் பணியில் இருக்கிறது. கோயிலுக்கோ தர்காவுக்கோ போகாதே என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் கேட்க மாட்டார்கள், நம்மிடம் பேசுவதையும் நிறுத்திவிடுவார்கள். ஏர்வாடியிலேயே இன்று பிரார்த்தனையும் மருத்துவமும் சேர்ந்து நடக்கிறது.

வீட்டுப் பேச்சுக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு. ஓயாமல் குறை சொல்லும் வீடுகளுக்குத் திரும்பிய நோயாளிகளுக்கு நோய் அதிகமாகத் திரும்பியதை லண்டனில் ஜார்ஜ் பிரௌன் குழுவினர் கண்டார்கள். பின்னர் சண்டிகரில் ஆராய்ந்தபோது, நம் நாட்டுக் குடும்பங்களில் அத்தகைய பேச்சு லண்டனைவிடக் குறைவாக இருந்தது. இதை அந்தத் தாயிடம் சொன்னேன். "நானும் வாய்க்கு வந்தபடி பேசத்தான் செய்யிறேன், முடியல டீச்சர்" என்றார். நியாயம்தானே? முடியாத அளவுக்குக் களைத்தவரிடம் பொறுமையாகப் பேசுங்கள் என்று அறிவுரை சொல்லிப் பயனில்லை. வாரத்தில் இரண்டு காலை வேளை அவருடைய நாத்தனார் வந்து இருக்க ஏற்பாடானது. அந்த இரண்டு நாள் மாணவி முதல் மணிக்கு வந்தாள். மற்ற நாள்களில் விடுபட்ட கணக்குப் பாடத்தை மதிய இடைவேளையில் தோழி ஒருத்தி சொல்லிக் கொடுத்தாள். காரணம் அந்தத் தோழிக்குத் தெரியாது; தெரிய வேண்டியதும் இல்லை.

மேல்நிலை வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் முடிவிலும் இருபதுகளிலும்தான் தலைகாட்டும். நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று ஒதுங்கினால், காரணமின்றிச் சந்தேகப்பட்டால், தனக்குத்தானே சிரித்தால், திமிர் என்றோ காதல் என்றோ போதை என்றோ நாமாக முடிவு கட்ட வேண்டாம். பெற்றோரைத் தனியாக அழைத்துப் பேசுங்கள். 14416 என்ற இலவச டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். வீட்டில் பார்த்துக்கொள்பவர்களும் அழைக்கலாம். சிகிச்சை பெறும் குடும்பங்களிடம் மாற்றுத்திறனாளி சான்றிதழ் பற்றியும் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனநோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நாம் அரை மணி நேரம் உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்கலாம்.