ஒன்பதாவது படியில் நின்றுபோகும் வைஃபை

அந்த வீட்டில் வைஃபை ஒன்பதாவது படியோடு நின்றுவிடும். கீழ்த்தளக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில், ஃபைபர்காரர் ஆணியடித்து மாட்டிவிட்டுப் போன பெட்டி. மாடியறையில் மடிக்கணினியோடு மகள். அலுவலகக் கூட்டம் பாதியில் உறைந்துபோகும்போதெல்லாம் மேலிருந்து ஒரு குரல் வரும்: “அப்பா, மறுபடியும் போயிடுச்சு!” கீழிருந்து அதே பதில்: “படிக்கட்டுல வந்து உக்காந்து பேசும்மா.” கான்கிரீட் தளம் போட்ட மாடி வீடுகள் பலவற்றில் இப்படி ஒரு படி இருக்கிறது. சில வீடுகளில் அது ஒன்பதாவது, சில வீடுகளில் பதினோராவது.

அதே வீட்டுப் பரணில் பழைய ரௌட்டர் ஒன்றும் கிடக்கும். இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றியபோது யாரும் திருப்பிக் கேட்காமல் விட்டுப்போனது. அதை இறக்கித் தூசி தட்டினால் மாடிக்கு இணையத்தை ஏற்றிவிடலாம். இந்த வேலைக்குப் பெயர் வயர்லெஸ் பிரிட்ஜ், அதாவது கம்பியில்லாப் பாலம். கீழ்ப்பெட்டிக்கும் மேல்பெட்டிக்கும் நடுவே கேபிள் ஓடவேண்டிய இடத்தில் வானலை ஓடுகிறது. மேல்பெட்டியின் முதுகிலுள்ள லேன் துளைகளில் மேசைக்கணினியையோ டிவியையோ பிரிண்டரையோ செருகினால், அவை கீழ்ப்பெட்டியிலேயே செருகப்பட்டவைபோல நடந்துகொள்ளும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சன்னல் ஓரமாகவோ மின்குழாய்க்குள்ளாகவோ ஒரு கேபிளை மாடிக்கு ஏற்ற வழியிருந்தால், அதுதான் உத்தமம். சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் சம்மதிக்காத வாடகை வீடும், டைல்ஸ் எல்லாம் ஒட்டி முடித்த பிறகு குழாய் விட மறந்தது நினைவுக்கு வரும் புது வீடும்தான் பாலத்துக்கு உரிய இடங்கள்.

ஒன்பதாவது படியில் அலை ஏன் நிற்கிறது? வானொலி நேயர்களுக்கு இதை விளக்குவது எளிது. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையைப் பழைய நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 416 மீட்டர். அதன் பின்னால் கிலோவாட் கணக்கில் சக்தி. மேடு பள்ளங்களைத் தழுவிக்கொண்டு மாவட்டம் தாண்டிப் போகும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையோ பன்னிரண்டரை சென்டிமீட்டர், ஒரு சாண்கூடக் கிடையாது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதிலும் பாதிக்குக் கீழே, மூன்று விரற்கடை. வீட்டு ரௌட்டர் வெளியிடும் சக்தி ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். செங்கல் சுவரைத் தாண்டிவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தில் மூச்சு வாங்கும். இரும்பு பீரோவில் முட்டினால் திரும்பிவிடும். தண்ணீரோ அலையை விழுங்கிவிடும். மீன்தொட்டிக்குப் பின்னால் ரௌட்டரை வைத்துவிட்டு நிறுவனத்தைத் திட்டுவதில் பயனில்லை.

இரண்டாவது ரௌட்டரை வைப்பதில் அநேகமாக எல்லாரும் செய்யும் தவறு ஒன்றுண்டு. எங்கே சிக்னல் இல்லையோ அங்கேயே கொண்டுபோய் வைப்பது. சிக்னல் எட்டாத மூலையில் ரௌட்டருக்கு மட்டும் எப்படி எட்டும்? கயிறு எட்டாத கிணற்றில் எவ்வளவு பெரிய குடத்தை இறக்கினாலும் தண்ணீர் வராது. பாலத்தின் மறுகாலை, சிக்னல் இன்னும் தெம்பாக இருக்கும் இடத்தில் ஊன்றவேண்டும். கைப்பேசியில் சிக்னலை அளக்கும் செயலியைப் போட்டுப் பார்த்தால், கீழ்ப்பெட்டிக்கு அருகே மைனஸ் 40 டெசிபல் என்று காட்டும்; மேலே ஏற ஏற மைனஸ் 60, மைனஸ் 70, மைனஸ் 80 என்று இறங்கும். மூன்று டெசிபல் குறைந்தால் சக்தி பாதியாகிவிட்டதாகப் பொருள். மைனஸ் 65க்குப் பக்கத்தில் ஓர் இடம் அகப்பட்டால் அங்கே நிற்கலாம். அந்த வீட்டில் அது மாடியறை அல்ல, படிக்கட்டு முடியுமிடத்தில் இருந்த செருப்பு அலமாரியின் மேல்தட்டு.

இனி வேலை. பழைய பெட்டியின் பின்புறத்தில் ஊசிமுனை நுழையும் ஒரு துளை இருக்கும். ஊக்கை நுழைத்துப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் போதும், முந்தைய பாஸ்வேர்டு எல்லாம் அழிந்து கடையிலிருந்து வந்த நாளின் நிலைக்குத் திரும்பிவிடும். மடிக்கணினியை லேன் கேபிளால் அதனோடு இணைத்து, பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டினால் உள்ளே போகலாம். முதல் சிக்கல் இங்கேதான். கீழ்ப்பெட்டியின் முகவரியும் பெரும்பாலும் அதே 192.168.1.1தான். ஒரே தெருவில் ஒரே கதவிலக்கத்தோடு இரண்டு வீடு. ஆகவே மேல்பெட்டிக்கு 192.168.1.2 என்று மாற்றிச் சேமிக்க வேண்டும்.

சேமித்தவுடன் திரை உறைந்துவிடும். சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பெட்டி கெட்டுவிட்டது என்று பலர் மறுபடி ஊக்கைத் தேடும் கட்டம் இது. ஒன்றும் கெடவில்லை. பெட்டி புதிய இலக்கத்துக்குக் குடிபோய்விட்டது, பிரவுசர் பழைய வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. புதிய இலக்கத்தைத் தட்டினால் கதவு திறக்கும்.

அடுத்தது டிஎச்சிபி என்ற ஏற்பாடு. வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்கம் கொடுப்பது இதன் வேலை. கீழ்ப்பெட்டி ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறது. மேல்பெட்டியும் கொடுக்க ஆரம்பித்தால் ஒரே உறையில் இரண்டு கத்தி. காலையில் டிவி ஓடும், மாலையில் ஓடாது. கைப்பேசியில் வைஃபை சின்னம் முழுதாகத் தெரியும், ஆனால் எந்தப் பக்கமும் திறக்காது. மேல்பெட்டியில் டிஎச்சிபியை அணைத்துவிட வேண்டும். அணைத்த கையோடு, பாலம் இன்னும் கட்டப்படாத நிலையில், மடிக்கணினிக்கு இலக்கம் கொடுக்க ஆளில்லாமல் போகும். அது தானாகவே 169.254 என்று தொடங்கும் ஓர் இலக்கத்தை வைத்துக்கொண்டு விழிக்கும். மடிக்கணினிக்கு 192.168.1.50 என்று கையாலேயே ஓர் இலக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டால் மீண்டும் உள்ளே போகலாம்.

பிறகு பிரிட்ஜ் என்றோ டபிள்யூடிஎஸ் என்றோ பெயரிட்ட பக்கத்தில் கீழ்ப்பெட்டியின் வைஃபையைத் தேடி, அதன் பாஸ்வேர்டை எழுதவேண்டும். இரண்டும் ஒரே சேனலில் இருக்கவேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 13 சேனல்கள் உண்டு. ஒன்றோடொன்று உரசாமல் நிற்பவை 1, 6, 11. கீழ்ப்பெட்டியில் சேனல் ‘ஆட்டோ’ என்று இருந்தால் அதை ஓர் எண்ணில் நிறுத்திவிடுவது நல்லது. இல்லையென்றால் பக்கத்து வீட்டு நெரிசலைப் பார்த்து அது ஒரு நள்ளிரவில் சேனலை மாற்றிக்கொள்ளும். மேல்பெட்டி, அதுவும் பழைய மாதிரி என்றால், கூடவே போகத் தெரியாமல் தனித்து நிற்கும்.

பாலம் வேலை செய்யத் தொடங்கியபின் உற்சாகத்தில் இரண்டு பெட்டிகளின் லேன் துளைகளையும் ஒரு கேபிளால் இணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. வேகம் இரட்டிப்பாகும் என்று நினைப்பு. காற்று வழியாக ஏறும் செய்தி கேபிள் வழியாக இறங்கி, மறுபடி காற்றில் ஏறி, செக்குமாடாகச் சுற்றத் தொடங்கும். சில நொடிகளில் வீடு முழுக்க இணையம் மூச்சுத் திணறும். கேபிளைப் பிடுங்கினால் சரியாகிவிடும்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் சில சமயம் பாலம் நிற்காது, குறிப்பாக இரண்டு பெட்டிகளும் வெவ்வேறு நிறுவனத்தவையாக இருந்தால். காரணம் அஞ்சல் உறையில் இருக்கிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் பையனுக்கு எழுதும் கடிதத்தில் பெயருக்குக் கீழே ‘மே/பா’ என்று போட்டுக் காப்பாளர் பெயரையும் எழுதுவது வழக்கம். வைஃபை உறையிலும் அப்படித்தான்: யாரிடமிருந்து, யார் வழியாக, யாருக்கு என்று மூன்று முகவரிகள். நடுவிலிருக்கும் ‘வழியாக’ என்பது ரௌட்டர். பாலம் போட்டாலோ நடுவில் இரண்டு பேர் வந்துவிடுகிறார்கள், கீழ்ப்பெட்டி ஒருவர், மேல்பெட்டி ஒருவர். நான்காவது முகவரி தேவைப்படுகிறது. வைஃபைக்கு அடிப்படையான தரநிலை நான்கு முகவரிக்கு இடம் விட்டது, ஆனால் இரண்டு பெட்டிகள் அதை வைத்து எப்படி உறவு கொண்டாடவேண்டும் என்று விவரித்துச் சொல்லவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் செய்துகொண்டது. அதனால்தான் ஒரே நிறுவனத்துப் பெட்டிகள் இரண்டும் சட்டென்று ஒட்டிக்கொள்கின்றன, சம்பந்தம் மாறினால் முறுக்கிக்கொள்கின்றன. சில பெட்டிகள் குறுக்கு வழி ஒன்று வைத்திருக்கின்றன. ‘எல்லாக் கடிதமும் என் பெயருக்கே வரட்டும், மாடியில் நான் பிரித்துக் கொடுத்துக்கொள்கிறேன்’ என்று மேல்பெட்டி பொறுப்பேற்றுக்கொள்ளும். அழகான தீர்வு என்று சொல்லமுடியாது, ஆனால் நடக்கும்.

வீட்டு ரௌட்டர் ஒன்றைப் பாலமாக்கும் இந்த வழக்கம் உலகெங்கும் பரவியதில் நீலமும் கறுப்புமான ஒரு பெட்டிக்குப் பெரிய பங்குண்டு. இரண்டு கொம்புகள் போன்ற ஆன்டெனாக்களோடு லின்க்சிஸ் நிறுவனம் 2002 டிசம்பரில் வெளியிட்ட டபிள்யூஆர்டி54ஜி. அதன் உள்ளே ஓடுவது லினக்ஸ் என்பதை 2003இல் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிம விதிப்படி மூலநிரலைக் கேட்பவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். கேள்விகள் வலுத்தன, அந்த ஆண்டே நிரல் வெளியானது. 2004இல் அதிலிருந்து ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திட்டம் முளைத்தது. பாலம் வேண்டுமென்றால் அதற்கென்று விற்கும் தனிப்பெட்டியை வாங்கிக்கொள் என்ற நிலை போய், இதே பெட்டிக்குள் வேறு மென்பொருளை ஏற்றினால் இதுவே பாலமாகும் என்றானது. பிற்பாடு செலவைக் குறைக்க நினைவகத்தைச் சுருக்கி, லினக்ஸையும் எடுத்துவிட்டு ஒரு மாதிரி வந்தது. ஆர்வலர்கள் முகம் சுளிக்கவே, பெயரின் கடைசியில் ‘எல்’ என்ற எழுத்தைச் சேர்த்து லினக்ஸ் மாதிரியைத் தனியாக விற்றார்கள். வாடிக்கையாளர் பிடித்த பிடியில் நிற்க, விற்பவர் இறங்கிவந்த அபூர்வமான கதை இது.

அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு மனிதர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பது தனி வேடிக்கை. வெனிசுவேலாவில் எர்மான்னோ பியத்ரோசெமோலி என்ற பேராசிரியரும் குழுவினரும் 2006இல் ஆண்டிஸ் மலையுச்சி ஒன்றில் பெரிய டிஷ் ஆன்டெனாவை நிறுத்தி, இந்த வீட்டு ரௌட்டர்களையே கொண்டு 279 கிலோமீட்டர் தூரத்துக்குப் பாலம் போட்டுக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு வேறு கருவிகளோடு 382 கிலோமீட்டர். ஆன்டெனாவைக் குறிபார்த்து நிறுத்துவது ஒரு பாடு. காத்திருப்பு இன்னொரு பாடு. வைஃபையில் ஒவ்வொரு செய்தியையும் அனுப்பியதும் ‘வந்துசேர்ந்தது’ என்ற பதிலுக்காகப் பெட்டி சற்றே நிற்கும். அந்தச் ‘சற்று’ மைக்ரோநொடிக் கணக்கு, ஒரு வீட்டின் அளவுக்குப் போதும். 382 கிலோமீட்டருக்கு ஒளியே போய்த் திரும்ப இரண்டரை மில்லிநொடி ஆகும். அதற்குள் பெட்டி பொறுமையிழந்து, கடிதம் தொலைந்தது என்று முடிவுகட்டி மறுபடி அனுப்பிவிடும்.

இந்தப் பொறுமையின்மைக்கு மருந்து தேடிய இடங்களில் ஒன்று தேனி. அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளையைச் சுற்றியுள்ள ஊர்களின் பார்வை மையங்களோடு வைஃபை பாலங்களால் இணைக்கும் வேலையில், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக்குழு 2000களின் நடுவில் இறங்கியது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த இந்திய அரசு 2005 ஜனவரியில் வழி திறந்துவிட்டிருந்தது. அப்படி இணைந்த ஊர்களில் ஒன்று அம்பாசமுத்திரம். திருநெல்வேலிப் பக்கத்து அம்பாசமுத்திரம் இல்லை, தேனி மாவட்டத்துச் சிற்றூர். அங்கே உட்கார்ந்திருக்கும் பாட்டி, திரையில் தேனி மருத்துவரைப் பார்த்துத் தன் கண்ணைப் பற்றிச் சொல்லலாம். பெர்க்லி குழு கடிதத்துக்குக் கடிதம் பதில் கேட்கும் முறையை விட்டுவிட்டு, முறைவைத்துப் பேசும் ஏற்பாட்டை எழுதியது: இவ்வளவு நேரம் நீ, அடுத்த இவ்வளவு நேரம் நான். 382 கிலோமீட்டர் பாலத்தில் ஓடியதும் அந்தக் குழுவின் மென்பொருள்தான். ஆனால் அவர்களை அதிகம் அலைக்கழித்தது அலையில்லை, மின்சாரம். மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் கருவிகள் கருகின, சில பாதி விழித்த நிலையில் உறைந்து நின்றன என்று பின்னர் எழுதிவைத்திருக்கிறார்கள்.

வீட்டுப் பாலத்துக்கும் முறைவைத்துப் பேசும் தொல்லை உண்டு. மேல்பெட்டியில் ஒரே ரேடியோ இருந்தால், கீழேயிருந்து கேட்டதை மாடியறைக்குத் திருப்பிச் சொல்லவும் அதே வாய்தான். கேட்கும்போது பேசமுடியாது, பேசும்போது கேட்கமுடியாது. வேகம் பாதியாகும். மாடிக்கணினியை மேல்பெட்டியோடு லேன் கேபிளால் இணைத்துவிட்டால் இந்த நட்டம் இல்லை. இரண்டு அலைவரிசைப் பெட்டி என்றால் பாலத்துக்கு ஒன்று, அறைக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். பாலத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. நடுவில் கான்கிரீட் தளம் குறுக்கிட்டால் 2.4தான் தாக்குப்பிடிக்கும். இப்போது கடையில் மெஷ் என்ற பெயரில் இரண்டு மூன்று பெட்டிகளைச் சேர்த்து விற்கிறார்களே, அவை இந்தப் பிரிவினையையெல்லாம் தாமே செய்துகொள்கின்றன. காசு கொடுத்தால் தலைவலி மிச்சம். பரணில் கிடப்பதற்குக் காசு இல்லை.

செருப்பு அலமாரியின் மேல் பச்சை விளக்கு எரியத் தொடங்கிய அன்று அந்த வீட்டில் அளந்து பார்த்தார்கள். கூடத்தில் 90 மெகாபிட், மாடியறையில் 35. “போதும்ப்பா” என்றாள் மகள். மறுநாள் பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. கூடத்துப் பெட்டி இன்வர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது, அலமாரி மேலிருந்த பெட்டி அணைந்தது.

“அப்பா!”

“இரும்மா, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துட்டு வரேன்.”