துணை நாற்காலியின் விலை

தோழர்களே, நான் பேங்க் குமாஸ்தா. எதையும் வரவு செலவா பாத்தே பழக்கம். அமெரிக்காவில் ஜனாதிபதி வேட்பாளர் தன் துணைக்கு யாரைச் சேர்க்கிறாரோ, அதை வைத்து யாரைச் சமாதானப்படுத்துகிறார் என்று சொல்லிவிடலாம். 1960இல் கென்னடி டெக்சாஸ்காரர் ஜான்சனைச் சேர்த்தார். தெற்கத்தி வெள்ளையர் ஓட்டு கைவிட்டுப் போகக்கூடாது. டெக்சாஸின் 24 தேர்வாளர் வாக்குகளும் கிடைத்தன. அதே தெற்கில் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் ஓட்டுப்போடவே முடியாது.

1964, அட்லாண்டிக் சிட்டி. ஜான்சனை ஜனாதிபதி வேட்பாளராக்கும் கட்சி மாநாடு. மிசிசிபியிலிருந்து வந்த அதிகாரபூர்வக் குழுவில் அத்தனை பேரும் வெள்ளையர். அதை எதிர்த்து 68 பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர். வாக்காளராகப் பதியப் போனதற்காகத் தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டவர்.

தெற்கு கோவிச்சுக்குமேன்னு ஜான்சனுக்குப் பயம். ஹம்ப்ரிக்கோ துணை வேட்பாளர் ஆசை. சிவில் உரிமை பேசியே பேர் வாங்கினவர் அவர். அவரையே பேரத்துக்கு விட்டாங்க: ரெண்டு இடம் தர்றோம், வாங்கிக்குங்க. ரெண்டு இடத்துக்கா இவ்வளவு தூரம் வந்தோம்னு ஹேமர் மறுத்தார்.

ஹம்ப்ரிக்கு இடம் கிடைச்சுது. ஜான்சன் பெரிசா ஜெயிச்சார். ஆனா யாருக்குப் பயந்தாரோ அந்தத் தெற்கில் மிசிசிபியோட சேத்து 5 மாநிலம் கைவிட்டுப் போச்சு.

பக்கத்து நாற்காலியில ஒருத்தரை உட்கார வைக்கும்போது, அதுக்காக வாசல்ல நிறுத்தினது யாரைன்னு கேக்கணும், தோழர்களே.