தண்ணீரில் ஓடும் கார்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஸ்டான்லி மேயர் என்று ஒருவர் இருந்தார். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க் வரை தன் வண்டி ஓட 22 கேலன், அதாவது சுமார் 83 லிட்டர் தண்ணீர் போதும் என்றார். தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்து எரிக்கிறேன் என்பதுதான் அவர் சொன்ன விளக்கம்.

பிரிப்பது உண்மையில் முடியும். பள்ளி ஆய்வகத்திலேயே தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சிச் செய்து காட்டுவார்கள்; மின்னாற்பகுப்பு என்று பெயர். ஆனால் கணக்கு உதைக்கிறது. ஹைட்ரஜன் எரிந்தால் மிஞ்சுவது தண்ணீர். அடுப்பில் விறகுக்குச் சாம்பல் எப்படியோ, ஹைட்ரஜனுக்குத் தண்ணீர் அப்படி. அதை மறுபடி பிரிக்கச் செலவாகும் ஆற்றல், எரித்துப் பெறுவதைவிட ஒருநாளும் குறையாது. நடைமுறையில் கூடுதலாகவே ஆகும். அந்த மின்சாரம் பேட்டரியிலிருந்துதானே வர வேண்டும்?

மேயரை நம்பிப் பணம் போட்ட இருவர் அவர்மீது வழக்குத் தொடுத்தார்கள். நிபுணர்கள் அவருடைய கருவியைப் பார்த்தார்கள். சாதாரண மின்னாற்பகுப்புதான், புதுமை எதுவும் இல்லை என்றார்கள். 1996-ல் ஒஹையோ நீதிமன்றம் இதை அப்பட்டமான மோசடி என்று தீர்ப்பளித்து, 25,000 டாலரைத் திருப்பித் தரச் சொன்னது.

1998-ல் மேயர் திடீரென இறந்தார். மூளை ரத்தக்குழாய் வீங்கி வெடித்ததே காரணம் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. எண்ணெய்க் கம்பெனிகள் விஷம் வைத்துக் கொன்றுவிட்டன என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மேயரின் காப்புரிமைகள் எப்போதோ காலாவதியாகிவிட்டன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், செய்து பார்க்கலாம். அப்படியொரு கார் இதுவரை ஓடவில்லை.