கடைசல் பயில்வோர்க்கு உகந்த இதழ்கள்



இதழ் வாசிப்பு என்றவுடன் கதையும் கவிதையுமே நினைவுக்கு வருவது இலக்கிய அவைகளின் இயல்பு. கைத்தொழில் பயில்வோர்க்கும் வாசிப்பு உண்டு; அதிலும் தேர்வு உண்டு. மரக்கடைசலைப் புதிதாகக் கற்க விழையும் ஒருவர் எவ்விதழைக் கையிலெடுக்க வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

காந்திபுரத்தை அடுத்த கணபதி, ஆவாரம்பாளையம் பகுதிகள் லேத்துப் பட்டறைகளுக்குப் பெயர்பெற்றவை. எனினும் அவை பெரும்பாலும் இரும்பைக் கடைவன. அங்கே வெட்டும் கருவி பொறியோடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். மரக்கடைசலிலோ உளியைப் பிடித்து நடத்துவது கை. ஆகவே இரும்பு லேத்தில் பல்லாண்டு பழகியவரும் மரத்தின்முன் மாணவரே. கட்டிற்காலும் தொட்டிற்கட்டையும் கடையும் மூத்த கைவினைஞரிடம் கற்பதே முதல்வழி. அவ்வாய்ப்புக் கிட்டாதவர்க்கு இதழ் ஆசானாகிறது. ஆசானைத் தேர்வதுபோலவே இதழையும் தேர்தல் வேண்டும்.

ஆங்கில இதழ்களுள் மூன்று குறிப்பிடத்தக்கவை. அமெரிக்காவில் 1975இல் தொடங்கிய ‘ஃபைன் வுட்வொர்க்கிங்’ தச்சுத்தொழில் முழுவதற்கும் உரியது. கடைசல் அதில் ஒரு பகுதியே. 1986இல் தோன்றிய அமெரிக்கக் கடைசலர் சங்கத்தின் இதழ் ‘அமெரிக்கன் வுட்டர்னர்’. இங்கிலாந்தில் 1990இல் தொடங்கியது ‘வுட்டர்னிங்’. பின்னிரண்டும் கடைசலுக்கென்றே எழுந்தவை. மேசையும் அலமாரியும் செய்ய எண்ணுபவர்க்கு முதலாவது பொருந்தும். உளியும் சுழலும் கட்டையுமே போதும் என்பார்க்கு மற்றவை பொருந்தும்.

பெயரைக் கண்டு மயங்காமல், ஓரிதழை வாங்குமுன் அதிலுள்ள ஒரு செய்முறைக் கட்டுரையைப் படித்துப் பார்த்தல் நலம். அக்கட்டுரை சுழல்வேகத்தைக் கூறுகிறதா? கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் கொண்டு, அதனை நிமிடச் சுற்றுகளால் பெருக்கினால் வரும் தொகை 6000க்கும் 9000க்கும் இடையே இருத்தல் வேண்டும் என்பது கடைசலர் கையாளும் பொதுவிதி. அதன்படி 10 அங்குலக் கிண்ணத்திற்கு 600 முதல் 900 சுற்று. 4 அங்குலக் கட்டைக்கு 1500 முதல் 2250 சுற்று. எடை சமன்படாத கட்டைக்கு இன்னும் குறைவு. விரிசல் கண்ட கட்டையைச் சுழற்றாமல் ஒதுக்குதலே அறிவுடைமை. வேகத்தைச் சொல்லாத கட்டுரை, படம் எத்துணை அழகாயினும், தொடக்கநிலையினர்க்கு ஆகாது.

அடுத்து, உளியின் பெயரோடு அதன் எல்லையையும் அது கூறுகிறதா? நீளக்கட்டையை உருட்டுவதற்கான அகன்ற நகவுளியைக் கிண்ணத்தின் உள்ளே செலுத்தினால், குறுக்கு இழையில் சிக்கி அதன் மெலிந்த அடிக்காம்பு முறியக்கூடும். இவ்வொரு வரி விடுபட்டால் பயில்வோரின் கைக்கே கேடு. பக்கந்தோறும் புதுக்கருவி விளம்பரம் மலிந்த இதழ் பணப்பையைக் கடையுமேயன்றி மரத்தைக் கடையக் கற்பியாது.

பழைய இதழ்களைப் புறக்கணிக்க வேண்டியதில்லை. உளி தீட்டும் முறையும் இழையின் போக்கறிந்து வெட்டும் முறையும் பழமைப்படுவதில்லை. ஆயினும் ஒன்றில் விழிப்பு வேண்டும். மரத்தூள் மனிதரில் புற்றுநோய் விளைக்கவல்லது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியது. அதற்கு முந்தைய இதழ்களில் முகமூடியின்றித் தேய்ப்பவரின் படத்தைக் கண்டால், அதனைப் பின்பற்றலாகாது.

இனி மரம். மேலைநாட்டு இதழ்கள் மேப்பிளையும் செர்ரியையும் பேசும். கொங்குநாட்டார்க்குக் கிட்டுவன வேம்பும் பூவரசும் வாகையும். அவற்றின் இயல்பை அவ்விதழ்களில் தேடுவது வீண். 1902இல் கோவையில் நிறுவப்பெற்ற காஸ் வன அருங்காட்சியகம் போன்ற இடங்களும், மரக்கடை முதியோரின் பட்டறிவுமே அதற்குத் துணை. அரக்கு வண்ணக் கடைசலுக்குச் சென்னபட்டணத்தார் வெட்பாலையைத் தேர்ந்ததும், சொப்புச் சாமான்களுக்கு அம்பாசமுத்திரத்தார் மஞ்சள் கடம்பைத் தேர்ந்ததும் எவ்விதழையும் படித்தன்று, தலைமுறைகளின் சோதனையால்.

அச்சோதனையின் பயன் ஏட்டிலேறவில்லை என்பதே குறை. சுழலும் பொம்மைமேல் அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகிப் படிகிறது. தாழை மடலால் தேய்க்க அது மெருகேறுகிறது. இத்தகைய நுட்பங்களைக் கைகள் அறியும்; பக்கங்கள் அறியா. கை ஓய்ந்தால் நுட்பத்தோடு அதன் சொல்லும் மறையும்.

அறிவியலைத் தமிழில் மாதந்தோறும் எழுத முடியும் என்பதை, ஜி.ஆர். தாமோதரன் தொடங்கிய ‘கலைக்கதிர்’ இதே கோவையிலிருந்து மெய்ப்பித்தது. கடைசற்காரரின் பேச்சைக் கேட்டு, அவர் சொல்லாலேயே எழுதும் பணியை இலக்கியக் கழகங்கள் மேற்கொள்ளலாம். ஆண்டு மலரில் நான்கு பக்கம் அதற்கு ஒதுக்கினாலும் தொடக்கமாகும். அதுவரை, பயில்வோர் ஆங்கில இதழ் ஒன்றை முறையறிந்து தேர்ந்து கற்பாராக. கற்றதைத் தமிழில் குறித்தும் வைப்பாராக. அக்குறிப்பே அடுத்து வருபவர்க்கு முதல் இதழ்.