ஒரு போத்தல் விஸ்கிக்கு எத்தனை மணி நேர உழைப்பு?

 

மதுவின் விலையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், வழக்கமான மதுவிலக்குப் பிரசாரந்தான் என்று பின்வரிசையில் சிலர் எழுந்து செல்ல எண்ணக்கூடும். அமர்ந்திருக்க வேண்டுகிறோம். குடிப்பவரைப் பழிக்க நாம் வரவில்லை. கணக்குப் பார்க்க வந்திருக்கிறோம்.

லங்காவிக்குச் சென்று திரும்புவோரும், கப்பலிலும் விமானத்திலும் போய்வருவோரும் ஒரு செய்தியைக் கொண்டு வருகின்றனர். வெளிநாட்டில் விஸ்கி மலிவு, நம் நாட்டில்தான் கொள்ளை விலை என்பதே அச்செய்தி. இது மெய்யா என்று பார்ப்போம்.

விஸ்கி என்பது முளைகட்டிய வாற்கோதுமை முதலிய தானியங்களைப் புளிக்கவைத்து, வடித்து, மரப்பீப்பாயில் ஊறவிட்டு எடுக்கும் மது. ஸ்காட்லாந்து விஸ்கி என்ற பெயரைப் பெற வேண்டுமாயின், அது அந்நாட்டிலேயே ஓக் மரப்பீப்பாயில் மூன்றாண்டுகளேனும் கிடக்க வேண்டும். கிடக்கும் காலத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு ஆவியாகிப் போய்விடுகிறது. அதைத் தேவதைகளின் பங்கு என்று அந்நாட்டார் வேடிக்கையாய்ச் சொல்வர். தேவதைகள் எடுத்துக்கொள்வது சொற்பமே. பெரும்பங்கை எடுத்துக்கொள்வது ஒவ்வொரு நாட்டின் கருவூலமாகும்.

கணக்கிற்கு ஓர் அளவைக் கைக்கொள்வோம். வழக்கமான போத்தல் 700 மில்லிலிட்டர். அதில் நூற்றுக்கு 40 பங்கு சாராயச் சத்து. ஆகவே ஒரு போத்தலில் உள்ள தூய சாராயம் கால் லிட்டருக்குச் சற்று மேல், அதாவது 280 மில்லிலிட்டர். மீதி தண்ணீரும் மணமும் நிறமுமாம். பல நாடுகள் வரி விதிப்பது இந்த 280 மில்லிலிட்டரின் மீதுதான்.

நம் மலேசியாவில் 2016 மார்ச் முதல் தூய சாராயம் லிட்டருக்கு 150 வெள்ளி என்ற கணக்கில் விஸ்கிக்குக் கலால் வரி விதிக்கப்பட்டது. போத்தலுக்கு 42 வெள்ளி. 2025 நவம்பர் முதல் தேதி அவ்வரி நூற்றுக்குப் பத்து உயர்த்தப்பட்டது. ஆகவே 46 வெள்ளி 20 காசு. விற்பனை வரியும் கடைக்காரர் இலாபமும் வேறு. சிங்கப்பூரில் 2014-இல் லிட்டருக்கு 88 டாலராக வரி உயர்த்தப்பட்டது. போத்தலுக்கு 24 டாலர் 64 காசு. அதன் மேல் 2024 முதல் நூற்றுக்கு ஒன்பது பொருள் சேவை வரி. மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குள் நுழைவோர்க்கு மதுவில் வரிச்சலுகை ஏதுமில்லை என்பதையும், ஜொகூரிலிருந்து அங்கு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் நினைவில் வைத்திருத்தல் நலம்.

விஸ்கியின் தாயகமான ஐக்கிய இராச்சியத்தில் 2023 ஆகஸ்டில் இவ்வரி லிட்டருக்கு 31 பவுன் 64 பென்ஸ் ஆயிற்று. போத்தலுக்கு 8 பவுன் 86 பென்ஸ், அதற்கு மேல் நூற்றுக்கு இருபது பெறுமதி வரி. தம் மண்ணில் விளைந்து, தம் மண்ணில் வடித்த பொருளுக்கே இந்த நிலை. அமெரிக்காவிலோ, மாநில வரிகள் நீங்கலாக, மத்திய அரசின் வரி 750 மில்லிலிட்டர் போத்தலுக்கு 2 டாலர் 14 காசு மட்டுமே.

ஜப்பானின் கதை சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. ஒரு காலத்தில் அங்கு வெளிநாட்டு விஸ்கி உயர்ந்த தரம் எனப் பிரிக்கப்பட்டு மிகுந்த வரிக்கு உட்பட்டிருந்தது. வெளிநாடு சென்று திரும்புவோர் மேலதிகாரிக்குக் கொண்டுவரும் பெரும் பரிசு அதுவே. 1989-இல் அத்தரப் பிரிவு நீக்கப்பட்டது. ஆயினும் உள்நாட்டு மதுவாகிய ஷோச்சுவுக்குக் குறைந்த வரி, விஸ்கிக்குக் கூடுதல் வரி என்ற நிலை நீடித்தது. ஐரோப்பிய நாடுகளும் அமெரிக்காவும் கனடாவும் உலக வணிக நிறுவனத்தில் வழக்குத் தொடுத்தன. 1996-இல் ஜப்பான் தோற்றது. விஸ்கி வரி இறங்கிற்று. ஏழைகளின் ஷோச்சு வரி ஏறிற்று. இப்போது 700 மில்லிலிட்டர் விஸ்கிக்கு மது வரி 280 யென். ஸ்காட்லாந்து விஸ்கிக்கு அதன் சொந்த நாட்டிலுள்ள வரியைவிட ஜப்பானில் வரி குறைவு என்றால், விலை என்பது தொலைவைப் பொறுத்ததன்று என்பது விளங்கும்.

இந்தியாவில் இறக்குமதி விஸ்கிக்கு நெடுங்காலமாக நூற்றுக்கு 150 சுங்க வரி. 2025 ஜூலை 24-ஆம் நாள் பிரிட்டனுடன் கையெழுத்தான ஒப்பந்தம், அதை முதலில் 75 ஆகவும், பத்தாண்டில் 40 ஆகவும் குறைக்க வகை செய்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வரி விதிப்பதால் ஊருக்கு ஊர் விலை மாறுகிறது. நம் உறவினர் வாழும் தமிழகத்தில் 2003 முதல் சில்லறை விற்பனையே அரசு நிறுவனத்தின் கையில் உள்ளது.

ஹாங்காங்கில் நடந்ததைக் கேளுங்கள். அங்கு வரி, சாராயச் சத்தின் மீதன்று, இறக்குமதி விலையின் மீது, நூற்றுக்கு நூறு. 2024 அக்டோபரில், 200 டாலருக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் வரியை நூற்றுக்குப் பத்தாகக் குறைத்தனர். 1,000 டாலர் பெறுமதியுள்ள போத்தலுக்கு 1,000 டாலராக இருந்த வரி 280 ஆயிற்று. 150 டாலர் போத்தலுக்கு முன்பும் 150, பின்பும் 150. செல்வந்தர் அருந்துவது மலிவாயிற்று; கூலிக்காரர் அருந்துவது இருந்த விலையிலேயே நின்றது. வணிகம் பெருகும் என்பது அவ்வரசு கூறிய காரணம். இருக்கலாம். ஆயினும் இதைச் சொல்லாமல் செல்ல நமக்கு மனம் வரவில்லை.

இனி நம் கேள்விக்கு வருவோம். ஒரு நாட்டுப் பணத்தை இன்னொரு நாட்டுப் பணமாக மாற்றி விலையை ஒப்பிடுவது சுற்றுலாப் பயணிக்கு உதவும். அங்கு வாழ்பவனுக்கு உதவாது. உழைப்பவன் ஒப்பிட வேண்டியது தன் மணி நேரத்தை.

ஸ்காட்லாந்தில் 2018 மே முதல் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை என்ற சட்டம் நடப்பில் உள்ளது. 2024 செப்டம்பர் இறுதியில் அது உயர்த்தப்பட்டதால், நாம் எடுத்துக்கொண்ட போத்தலை 18 பவுன் 20 பென்ஸுக்குக் கீழே யாரும் விற்கலாகாது. 2025 ஏப்ரலில் அந்நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12 பவுன் 21 பென்ஸ். ஒன்றரை மணி நேர உழைப்பில் அங்குள்ள தொழிலாளி மலிவான ஒரு போத்தலை வாங்கிவிடுவான். ஜப்பானில் 2024-இல் குறைந்தபட்சச் சம்பளத்தின் நாட்டுச் சராசரி மணிக்கு 1,055 யென். விஸ்கியின் மது வரி கால் மணி நேரச் சம்பளத்திற்குச் சற்று மேல்.

நமக்கோ? 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மாதம் 26 நாள் எனக் கொண்டால் நாளொன்றுக்கு 65 வெள்ளி சொச்சம். போத்தலின் கலால் வரி மட்டும் 46 வெள்ளி 20 காசு. விடியற்காலையில் நெற்றிவிளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போகிறவர், பாலை எடுத்து நிறுவைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வரை உழைத்த உழைப்பு ஏறத்தாழ முழுவதும் அந்த வரிக்கே போகும். உள்ளே இருக்கும் விஸ்கிக்கு இன்னும் ஒரு காசும் கொடுக்கவில்லை. மழை பெய்து வெட்டு இல்லாத நாட்களை இக்கணக்கில் நாம் சேர்க்கவுமில்லை. ஆகவே கொள்ளை விலை என்ற பேச்சு, உழைப்பின் கணக்கில், மெய்தான்.

லங்காவி 1987 முதல் வரியற்ற தீவு. ஆகவே அங்கு மலிவு. ஆனால் பயணச் செலவையும் இழந்த நாட்சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தால் அந்த மலிவு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும்.

விலை உயர்ந்தால் குடி குறையும் என்பர். ஸ்காட்லாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்தபட்ச விலைச் சட்டத்தால் மதுவால் மட்டுமே நேரும் மரணங்கள் நூற்றுக்கு 13.4 குறைந்ததாகக் கண்டனர். அச்சட்டம் பிடித்தது விலையுயர்ந்த விஸ்கியையன்று. மிக மலிவான, மிகக் கடுமையான சரக்கை. நம் தோட்டங்களின் தொல்லையும் அங்கேதான் இருக்கிறது. விஸ்கி எட்டாதபோது கை சம்சுவை நோக்கிப் போகிறது. சம்சு வகைகளுக்கு விஸ்கியைவிடக் குறைந்த வரியே விதிக்கப்பட்டது; சிறு சிறு போத்தலில், சட்டைப்பைச் சில்லறைக்கு அது கிடைத்தது. 2017 டிசம்பர் முதல் இத்தகைய கலவை மதுவை 700 மில்லிலிட்டருக்குக் குறையாத கண்ணாடிப் போத்தலில்தான் விற்கலாம் என்றும், எந்த மதுவையும் 21 வயதுக்குக் குறைந்தோர்க்கு விற்கலாகாது என்றும் விதி வந்ததன் நோக்கம் அதுவே.

இப்போராட்டம் நமக்குப் புதிதன்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த நம் முன்னோர், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கோரினர். போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். சம்பளத்தைக் கொடுத்த தோட்டத்திலேயே அதைத் திரும்பப் பிடுங்கும் கடையும் இருந்தது என்பதை அவர்கள் கண்டுகொண்டிருந்தனர்.

வரி மிகுந்த இடத்தில் கள்ளச்சரக்கும் வரும். தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால், சாராயத்தைப் போலவே தோன்றும், விலை மலிவு. பேராசைக்காரர் அதைக் கலந்து, தெரிந்த பெயரை ஒட்டி விற்றுவிடுகின்றனர். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் இத்தகைய நச்சு மதுவால் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பிற நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர். மெத்தனாலின் நஞ்சு உடனே தெரியாது. முதலில் சாதாரண போதை போலவே இருக்கும், பன்னிரண்டு மணி நேரமோ, ஒரு நாளோ கழிந்தபின் தலைவலியும் வாந்தியும் வயிற்றுவலியும் தோன்றும், கண் மங்கும், மூச்சு வேகமாய் வாங்கும். விடிந்தால் தெளிந்துவிடும் என்று லயத்தில் படுக்கவைத்தல் ஆகாது. காலம் தாழ்த்தாமல் சேர்த்தால் மருத்துவமனையில் மாற்று மருந்தாலும் இரத்தச் சுத்திகரிப்பாலும் உயிரையும் பார்வையையும் காக்க இயலும். குடித்தது எது, எந்தக் கடையில் வாங்கியது, உடன் குடித்தவர் யார் யார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். போத்தலில் மிச்சமிருந்தால் கொட்டிவிடாமல் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.